பழைய கார்களில் ரேடியேட்டர் மின்விசிறி பொருத்துதல்

ரேடியேட்டர் மின்விசிறி என்பது காரின் பாட்டரியிலிருந்து மின்சாரம் பெற்று, எஞ்சினின் வேகத்தைச் சாராமல் சுழன்று, ரேடியேட்டர் வழியே காற்றைச் செலுத்தும் விசிறி ஆகும். உத்தரபாராவில் தயாரான அம்பாசடர், மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். அதன் முன்முனையில் நீர்ப்பம்புடன் சேர்த்தே விசிறி சுழலும். 1983இல் வந்த மாருதி 800இல் எஞ்சின் குறுக்குவாக்கில் வைக்கப்பட்டது. பெல்ட் இருக்கும் முனை சக்கரத்தின் பக்கம் திரும்பிவிட்டதால் ரேடியேட்டருக்குத் தனி மின்விசிறி தேவைப்பட்டது.

பெல்ட் விசிறியின் குறை மெதுவாகப் போகும்போதுதான் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம், பொன்னமராவதி பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய காரை அலங்கரித்துக் கொண்டுபோவதை நினைத்துக்கொள்ளுங்கள். கார் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்கிறது. எதிர்க்காற்று இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடுவதால் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வெப்பமுள் மேலேறிக்கொண்டே போகும். நீர் கொதித்து வெளியேறினால் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். இன்று அந்தப் பழுதைப் பார்க்க உதிரிபாகம் தேடியே மாதங்கள் கழியும்.

ஆனால் எல்லாச் சூட்டுக்கும் விசிறி மருந்தல்ல. நின்றால் சூடேறி, ஓடினால் குறைகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள். அங்கே மின்விசிறி உதவும். நெடுஞ்சாலையில் ஓடும்போதும் சூடேறினால் ரேடியேட்டர் குழாய் அடைப்பு, தெர்மோஸ்டாட் கோளாறு, தேய்ந்த நீர்ப்பம்பு, தவறான இக்னிஷன் டைமிங் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். கிணற்று நீரையும் போர் நீரையும் பல ஆண்டுகள் ஊற்றிய ரேடியேட்டரில், சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போல உப்பு படிந்திருக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் விசிறி வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

அடுத்தது இடம். ரேடியேட்டருக்கும் நீர்ப்பம்புக் கப்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி சில கார்களில் நான்கு விரற்கடை கூட இருக்காது. டீசல் எஞ்சின் மாற்றி வைத்த கார்களில் இன்னும் குறைவு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், பிரேக் பிடிக்கும்போது சற்று முன்னே நகரும். எனவே விசிறி மோட்டாரின் பின்புறத்துக்கும் கப்பிக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. விட வேண்டும். கை நுழையாத இடத்தில் அளக்கச் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைக் கப்பியின் மேல் ஒட்டி, விசிறியை அதன் இடத்தில் வைத்து எடுத்து, நசுங்கிய மாவின் தடிமனைப் பார்க்கலாம்.

பின்னால் இடமிருந்தால் காற்றை இழுக்கும் விசிறியே நல்லது. இல்லையென்றால் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே காற்றைத் தள்ளும் விசிறியை வைப்பார்கள். அது வரும் காற்றைத் தானே கொஞ்சம் மறைக்கும். பயன் சற்றுக் குறையும். பழைய மாருதி 800இன் இழுக்கும் விசிறியை முன்னால் வைத்துத் தள்ள வைக்க விரும்பினால், இரண்டு காரியம் செய்ய வேண்டும். மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றினால் சுழற்சி திரும்பும், காற்றின் திசையும் மாறும். ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாக வேலை செய்யும். எனவே இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். இறக்கையை மட்டும் திருப்பினால் காற்றின் திசை மாறாது. மேசை விசிறியின் இறக்கையைத் திருப்பிப் போட்டு மாணவர்கள் இதைச் சோதிக்கலாம். முடிந்ததும் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். இழுக்கும் விசிறியானால் தாள் ஒட்டிக்கொள்ளும். முன்னால் வைத்த விசிறியானால் தாளைப் பின்பக்கம் பிடிக்க வேண்டும். அது விலகிப் பறக்கும்.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகி விசிறியைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. அதிர்வில் அவை குழாய்களை அறுத்து ஒழுகவைக்கும். பக்கச் சட்டத்தில் தகரப்பட்டை வைத்து போல்ட் போடுவதே முறை. பழைய விசிறியைக் கழற்றினாலும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. நீர்ப்பம்பும் டைனமோவும் அதில்தான் ஓடுகின்றன. விசிறியின் தடிமன் போய்விடுவதால் பழைய போல்ட்டுகள் உள்ளே நீண்டு பம்பின் உடலில் உரசும். குட்டையான போல்ட் அல்லது வாஷர் தேவை.

மின்சாரக் கணக்கைப் பலர் போடுவதில்லை. 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும் விசிறிக்கு 96 வாட் வேண்டும். இரண்டு முகப்பு விளக்குகளுக்கு அதே அளவு போகும். இக்னிஷன், ஹாரன், சிறு விளக்குகள் தனி. பழைய டைனமோ வேகமாகச் சுற்றும்போதே 20 ஆம்பியர் அளவில்தான் தரும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டிருப்பீர்கள். அப்போது சார்ஜே இல்லை. விசிறி மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே! ஊர்வலம் முடிவதற்குள் பாட்டரி இறங்கலாம். ஆகவே ஆல்டர்னேட்டருக்கு மாறுவது நல்லது. பிரித்தானிய மரபுக் கார்கள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதிலுள்ள டையோடுகள் கருகிவிடும்.

விசிறிக்கு ரிலே கட்டாயம். ரிலேயின் 30ஆம் முனைக்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. கம்பி, 87இலிருந்து விசிறிக்கு, 86க்கு இக்னிஷன் சாவியிலிருந்து, 85 வெப்பச் சுவிட்ச் வழியே உடலுக்கு. சுவிட்ச் 92° செல்சியஸ் அளவில் மூடி, 87° அளவில் திறக்கும் வகையாக இருக்கட்டும். அதை மேல் ஹோஸின் நடுவே உலோக இணைப்பில் பொருத்தினால், இருபுறமும் ரப்பர் இருப்பதால் அந்த இணைப்புக்குத் தனி எர்த் கம்பி வேண்டும். இந்தக் கம்பி விட்டுப்போனதால் விசிறி சுற்றாமல், மோட்டாரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

86ஐ நேரே பாட்டரியில் இணைத்தால் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரெனச் சுற்றும். பானெட்டுக்குள் கை வைத்திருப்பவரின் விரல் போய்விடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. அழுத்த மூடியின் கீழ் நீர் 100°ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் நீராவியாகச் சீறி முகத்தைச் சுடும்.