கூரைக்கு ஒரு பங்கு, அடுப்புக்கு ஒரு பங்கு

சாய்ந்தமருதில் நான் வழமையாகச் செல்லும் வீடொன்றின் பின்வளவில் புதிய வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் முடிந்து கூரை வேலை நடக்கிறது. ஏற்றுவதற்காக அடுக்கி வைத்திருந்த கைமரங்களில் சிலவற்றின் நடுவே பெருவிரல் நுழையக்கூடிய துளைகள் இருந்தன. மரக்காலையில் வாங்கும் புது மரத்தில் இப்படித் துளை இருக்காது.

"இதென்ன மாமி?" என்று கேட்டேன்.

"கரண்டுக் கம்பம் புள்ள. ஆணியெல்லாம் கழட்டி அரிஞ்செடுத்த. புது மரம் வாங்க நம்மளால ஏலுமா?"

மாமிக்கு இப்போது அறுபத்தைந்து வயது. 1990இல் வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து, இருந்த வீட்டையும் கொண்டு போனது. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பும் பணத்தில், பேத்திக்காக இந்த வீடு கட்டப்படுகிறது. கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எமது கரை முழுவதும் இதுதான் வழக்கம். பெண்பிள்ளைக்கு வீடு வேண்டும். வீடில்லாத குமருக்குக் கலியாணம் பேசி வருவோர் குறைவு. இந்த வழக்கம் சரியா பிழையா என்பதை இன்னொரு மாதம் பேசுவோம். ஆனால் சுனாமிக்குப் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பல, பெண் வழியாக வீடு வரும் இந்தக் கரையிலேயே, "குடும்பத் தலைவர்" என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமியைப் போன்றவர்கள் மரத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் வீடு கட்டுகிறார்கள்.

பழைய கம்பம் மோசமான மரமல்ல. இலங்கையில் மரக் கம்பங்களுக்கு மலைநாட்டில் வளரும் யூக்கலிப்டஸ் மரம் பெரிதும் பயன்பட்டது. நேரான, வைரம் பாய்ந்த மரம். வெயிலிலும் மழையிலும் நின்று நன்றாகக் காய்ந்திருக்கும். பல இடங்களில் கொங்கிறீற்றுத் தூண்கள் வந்தபோது மரக் கம்பங்கள் கழிக்கப்பட்டன. கம்பம் பெரும்பாலும் உக்குவது நிலமட்டத்தை ஒட்டிய பகுதியில்தான். காற்றும் ஈரமும் ஒன்று சேருமிடம் அது. அந்த அடியை வெட்டி எறிந்தால் மேலே மிஞ்சுவது நல்ல மரம். அரிவதற்கு முன் ஆணி, கம்பி, இலக்கத் தகடு யாவற்றையும் கழற்ற வேண்டும். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், வாளின் பல் பறந்துவிடும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் ஆபத்து.

வட அமெரிக்காவிலும் பழைய செடார் மரக் கம்பங்களின் வெளிப்பகுதியைச் சீவிக் கழித்துவிட்டு, உள்மரத்தைப் பலகையாக அரியும் ஆலைகள் உண்டு. பழைய மரத்துக்கு மறுவாழ்வு கொடுப்பது எமக்கும் புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பின்னர், வடக்கின் சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குக் கூரையானதை அங்கே வாழ்ந்த சகோதரிகள் நன்கு அறிவார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடுவதற்குப் பாதை முழுவதையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அன்று எனக்குத் திடுக்கென்றது கூரையைப் பார்த்து அல்ல. குசினிக்குள் போனபோதுதான். கம்பத்தை அரியும்போது கழித்த புறத்துண்டுகள் அடுப்படியில் குவிந்து கிடந்தன. அடுப்பில் எரிந்ததும் அதுவே. பேத்தி, அந்த அடுப்புச் சாம்பலைக் கையில் தொட்டு, வழுக்கும் மீனைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நாம் எல்லோரும் செய்வதுதான் அது.

மின்கம்பமும் சிலிப்பர் கட்டையும் சும்மா நிலைப்பதில்லை. கறையானும் பூஞ்சணமும் தொடாதிருக்க மருந்து ஏற்றப்படுகின்றன. பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கிறியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெய். கறுப்பாக இருக்கும், தார் மணக்கும், உச்சி வெயிலில் எண்ணெய் கசியும். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. மற்றையது செம்பு, குரோமியம், ஆசனிக்கு மூன்றும் கலந்த உப்பு மருந்து. இதைக் கண்டுபிடித்தவர் சோந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. 1933இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில். அங்கிருந்துதான் உலகமெங்கும் போனது. ஆசனிக்கு என்பது வேறொன்றுமல்ல, எமது மூத்தம்மாமார் பாஷாணம் என்று சொன்ன அதே நஞ்சு.

இந்த மருந்து மரத்தின் வெளிப்புறத்து வெள்ளை மரத்தில்தான் நன்றாக ஊறும். உள்ளிருக்கும் வைரத்துக்குள் அவ்வளவாகப் போகாது. எனவே வாளில் வைக்கும்போது சுத்தமான உள்மரம் கைமரமாகவும் சிலாகையாகவும் போகிறது. நஞ்சு ஊறிய புறத்துண்டு கழிவாகிறது. கழிவு மலிவு. மலிவானது எங்கே போகும்? விறகாக எமது குசினிக்குத்தான். தென்னையில் புறம் வைரம், உள்ளே சோற்றி. மருந்தேற்றிய கம்பத்திலோ நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது, வேண்டாதது வெளியே.

இந்த உப்பு மருந்து ஏற்றிய மரத்தை எரித்தால் நஞ்சு எரிந்து போகாது. ஒரு பங்கு புகையோடு வரும், பெரும்பங்கு சாம்பலில் தங்கும். 1984இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. விஸ்கொன்சின் மாநிலத்துக் கிராமமொன்றில் எட்டுப் பேர் கொண்ட குடும்பம். மூன்று வருடமாகக் குளிர்காலம் வந்தால் எல்லோருக்கும் சுகமில்லை. தோலில் தடிப்பு, வலிப்பு, முடி கொட்டல். கடைசியில் காரணம் தெரிந்தது. வீட்டைச் சூடாக்க அவர்கள் எரித்தது மருந்தேற்றிய மரத் துண்டுகளை. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான மரத்துக்கு இம்மருந்தை ஏற்றுவது பெரும்பாலும் கைவிடப்பட்டது. மின்கம்பங்களுக்கு அது தொடர்ந்தது.

இதில் என் பிழையும் உண்டு. 2022இல் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பியபோது, தகரத்தில் மரத்தூளை இறுக்கி எரிக்கும் அடுப்பைப் பற்றி நானே பல வீடுகளில் சொல்லிக் கொடுத்தேன். மரம் அரியும் இடத்தில் தூள் சும்மா கிடைக்கும், கேட்டு வாங்குங்கள் என்றேன். என்ன மரத்தின் தூள் என்று கேட்கச் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது தோன்றவில்லை.

ஆகவே, வாங்குமுன் கேளுங்கள். இது எதற்கு நின்ற மரம்? துளை, இலக்கத் தகட்டின் தழும்பு, தார் மணம், வெட்டு முகத்தின் ஓரத்தில் பச்சை வளையம் என்பன அடையாளங்கள். பல வருடம் வெயிலில் நின்ற கம்பம் நரைத்துப் போய்ச் சாதாரண மரம் போலவே தெரியும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பற்றுச்சீட்டும் கேளுங்கள். கம்பம் பொதுச்சொத்து. முறைப்படி விற்கப்பட்டதா என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. இங்கே மரக்காரர் ஒருவர் சீட்டில்லாமல் கொடுத்த கம்பத்தால், கடைசியில் பொலிசுக்குப் பதில் சொன்னது வாங்கிய விதவைப் பெண்தான்.

அரிவதை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள். அரிபவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் தூர நிற்க வேண்டும். உள்மரத்தைக் கூரைக்குப் போடலாம். கட்டில், தொட்டில், மா குழைக்கும் பலகை, அரிசிப் பெட்டி எதற்கும் இந்த மரம் வேண்டாம். மருதமுனைச் சகோதரிகள் கைத்தறிக்குக் கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நாள் முழுக்க வியர்த்த கை படும் மரம் அது. புறத்துண்டுகளை முழுதாக வேலிக்கட்டையாக நடலாம், கறையானுக்காகத்தானே அந்த மருந்து. கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தள்ளி நடுங்கள். எமது மணல் நிலத்தில் சில அடியிலேயே தண்ணீர். அதனால் தூளையும் சாம்பலையும் வளவுக்குள் புதைப்பதும் கூடாது. எல்லாவற்றிலும் இலகுவான வழி, தூளையும் துண்டுகளையும் அரிந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவது.

இவ்வளவையும் மாமியிடம் சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. "பங்கருக்குள்ள கிடந்து, கடலுக்குள்ள கிடந்து வந்த எங்களுக்கு இந்த விறகா புள்ள நஞ்சு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து மீண்டும் போனேன். கைமரம் ஏறியிருந்தது. புறத்துண்டுகள் தெருப்பக்க வேலியில் வரிசையாக நின்றன. அடுப்பில் தென்னம் பாளையும் சிரட்டையும் எரிந்தன. சாம்பல் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அரிஞ்ச தூள் ரெண்டு மூட்டை இருந்திச்சி" என்றார் மாமி. "பக்கத்து வீட்டுக்காரி கோழிக் கூட்டுக்கு விரிக்கக் கேட்டாள், குடுத்திட்டன். நீ ஒருக்காப் போய்ச் சொல்லிட்டு வா."

செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் நடந்தேன்.