சபைக் கூச்சமும் நம் சாட்சியமும்

வள்ளுவர் அவையஞ்சாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனின், இவ்வச்சம் நேற்று இன்று தோன்றியதன்று. இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய காந்தி, பம்பாய் நீதிமன்றில் தமது முதல் வழக்கில் எழுந்து நின்றார், நா எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி வெளியேறினார். அவரே 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் கூட்டத்தில் வாணிபத்தில் வாய்மை குறித்துத் தடங்கலின்றிப் பேசினார். பேசும் பொருளை ஆயத்தம் செய்துகொண்டே அன்று அவர் சென்றிருந்தார்.

ரொறொன்ரோ வாழ் எம்மவர்க்கு அகதி விசாரணையும் ஓர் அவையே. நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது கோரிக்கையாளரை நேரில் கேளாது நிராகரித்தல் ஆகாதெனக் கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. பேசுதல் அன்று முதல் நமது உரிமை.

ஆயினும், "ஊரார் அறிந்தால் என்ன சொல்வார்களோ" என்றஞ்சித் தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லாது விழுங்குவோர் உளர். அன்பர்களே, விசாரணை பொதுவாக மூடிய அறையிலேயே நடைபெறுகின்றது. மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

மனப்பாடம் செய்யாதீர்கள், நடந்ததை நடந்த ஒழுங்கில் வீட்டிலே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கேள்வி விளங்காவிடின் விளங்கவில்லை என்றும், திகதி நினைவில்லையெனில் நினைவில்லை என்றும் கூறுங்கள். கண்ணீர் வந்தால் சற்று நேரம் கேளுங்கள்.

குரல் நடுங்கலாம், அதிற் குற்றமில்லை. சொல்லவேண்டியது சொல்லப்படாமற் போவதே இழப்பு.