யப்பானிய விருந்தினரும் ஊவா இல்லங்களும்

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். அந்நெறியில் வளர்ந்த நாம் விருந்தினரை உபசரிக்கப் பிறரிடம் கற்கவேண்டியதில்லை எனக் கருதுகிறோம். ஆயினும், வந்தவரின் வழக்கம் அறியாது செய்யும் உபசாரம் அவருக்கே இடராக முடிதலும் உண்டு. யப்பானியரை இல்லத்துக்கு அழைக்குங்கால் இவ்வுண்மை நன்கு புலப்படும்.

அவர்கள் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வருதற்குத் தக்க காரணமுண்டு. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாத் தேயிலையையும் உலகின் மூன்று சிறந்த தேயிலைகளாக யப்பானில் எண்ணுவர். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவை அடைகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்றுப்பட்ட கொழுந்தில் விளையும் நறுமணமே இப்புகழுக்கு மூலம்.

வாயிலில் பாதணி களைதல் இரு நாட்டார்க்கும் பொது வழக்கம். விருந்தினர் கொணரும் சிறு பரிசை இரு கையாலும் ஏற்றல் வேண்டும். அவர்முன் உடனே பிரித்துப் பார்ப்பதை அவர்கள் வழக்கமாகக் கொள்வதில்லை. எதையேனும் கொடுக்குமிடத்து முதலில் வேண்டாமென்பது அவர்தம் பணிவு; மீண்டும் ஒருமுறை வேண்டுதல் தகும். உணவிலேதான் இடர்ப்பாடு பெரிது. இட்டதை மிச்சமின்றி உண்பது அவர்க்கு மரியாதை. வெறுமையான இலையைக் கண்டதும் மேலும் இடுவது நமக்கு மரியாதை. இருவரும் தத்தம் பண்பினின்று வழுவாதிருப்பின் விருந்தினர் பாடு திண்டாட்டமே! ஆதலின் சிறிது சிறிதாக இட்டு, கேட்டறிந்து பரிமாறுக. உறைப்பையும் குறைத்திடுக.

தேநீரும் அவ்வாறே. அவர்தம் பசுந்தேயிலையும் நம் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகள். கொழுந்தை உடனே ஆவியில் அவித்தால் பச்சை நிறம் நிலைக்கும். வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு உலர்த்தினால் கறுப்பாகும். ஊவாவின் மணத்தை அறிய வந்தவர்க்கு முதலில் பாலும் சீனியும் இடாத தேநீரை அளித்தலே முறை.

இனி, நாம் கூறவிழைந்த முதன்மையான செய்தி யாதெனில்: விருந்தினருக்குத் தொழிற்சாலையையும் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் காட்டும் நம்மவர் சிலர், லயத்து வாயிலைக் காட்ட நாணுகின்றனர். நாணுதற்கு யாதுளது? தமிழகத்தினின்று வந்து இம்மலைகளைப் பசுமையாக்கியோரின் வழித்தோன்றல்கள் வாழுமிடம் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை படிப்படியாக அதனை மீளப்பெற்ற மக்கள் அவர்கள். அவர்தம் வீட்டைக் காட்சிப்பொருளாக்குதல் தகாது. முன்னரே இசைவு பெற்று, அவ்வீட்டார் விருந்தளிப்போராகவும் வந்தோர் விருந்தினராகவும் அமர வழி செய்தலே பண்பு.

அவ்வாறு ஒரு கோப்பைத் தேநீரைக் கொழுந்து பறித்த கையாலேயே வாங்கிப் பருகியவர் ஊர் திரும்பிய பின், ஊவா என்பது அவர்க்குப் பொதியின்மேல் அச்சிட்ட வெறும் பெயராயிராது. முகமும் குரலும் உடைய மக்களின் பெயராகும். தோட்டங்களினின்று கல்லூரிக்கு வந்து கற்கும் மாணவர் இப்பணிக்கு முன்னிற்பாராக.