கழுத்துல நெறி கட்டியிருக்கா? கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க!

கழுத்துல நெறி கட்டினா நாம என்ன பண்ணுவோம்? "சளி பிடிச்சிருக்கும், தானா போயிடும்"னு விட்டுடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனா எங்க சீனியர் அண்ணா ஒருத்தர், பிளேஸ்மெண்ட் டென்ஷன்ல நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டார். வந்தது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்.

இது என்ன?

ரத்தக்குழாய் மாதிரியே நம் உடம்பு முழுக்க நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள்தான் செக்போஸ்ட். அங்கே காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் லிம்போசைட்டுகள். அவை கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அதுதான் லிம்போமா.

இதில் இரண்டு வகை. 1832-ல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த ஹாட்ஜ்கின் வகை, நம்ம வயசுப் பசங்களுக்கு அதிகம் வரும். மற்றவை எல்லாம் நான்-ஹாட்ஜ்கின்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

- இரண்டு, மூன்று வாரமாகியும் குறையாத, பெரும்பாலும் வலிக்காத கட்டி
- காரணம் தெரியாத காய்ச்சல்
- சட்டை நனையுற அளவு ராத்திரி வியர்வை
- ஆறு மாசத்துல உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவது

இதே அறிகுறிகள் டிபிக்கும் உண்டு. நம்ம நாட்டில் டிபி அதிகம் என்பதால் குழப்பம் வரும். அதனால முடிச்சை எடுத்து பயாப்ஸி பண்ணித்தான் உறுதி செய்யணும். பிறகு பெட்-சிடி ஸ்கேன் மூலம் நோய் எவ்வளவு பரவியிருக்குனு பார்த்து, 1 முதல் 4 வரை நிலை சொல்வாங்க.

சிகிச்சை

ஹாட்ஜ்கினுக்கு முக்கியமானது கீமோதெரபி. பரவலாகத் தரும் நாலு மருந்துக் கூட்டணியில் ஒன்று வின்பிளாஸ்டின். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம ஊர் வீட்டு வாசல்ல பூக்கிற நித்யகல்யாணியிலிருந்து! 1950-களில் கனடாவில் பிரித்தெடுத்தாங்க. அதுக்காக இலையைப் பறிச்சுக் கஷாயம் போட்டுடாதீங்க, அது விஷம். சிலருக்கு ரேடியேஷனும் தேவைப்படும்.

நான்-ஹாட்ஜ்கினில் பல வகைகளுக்கு, பி-செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் சேரும். நோய் திரும்பினால் ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை, கார்-டி செல் சிகிச்சை உண்டு. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைச்சது. இன்ஜினியரிங் காலேஜ்ல பிறந்த புற்றுநோய் மருந்து!

கீமோவுக்கு முன்னாடி, பின்னாளில் குழந்தை பெறும் வாய்ப்பைப் பாதுகாப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்க. கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை.

எங்கே போவது?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். மேல்சிகிச்சைக்கு வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் பக்கம்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு.

சரியான நேரத்தில் கண்டுபிடிச்சா, ஹாட்ஜ்கின் வந்தவர்களில் பெரும்பாலானோர் குணமாகிறாங்க. எங்க அண்ணாவும் சிகிச்சை முடிச்சுட்டார். போன பௌர்ணமிக்கு எங்களோட 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தார். "அந்த நாலு மாசத்தை வீணாக்கியிருக்க வேண்டாம்டா"ன்னு மட்டும் சொன்னார்.

இன்னிக்குக் குளிக்கும்போது கழுத்தை ஒருதடவை தடவிப் பாருங்க. ஏதாவது தட்டுப்பட்டா கூகுளைக் கேட்காதீங்க, டாக்டரைக் கேளுங்க.