புயல் வரும் முன்னே... நம் வீடு தயாரா?



நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே தீபாவளியோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் புயல். 1952 நவம்பரில் ஒன்று, 1977 நவம்பரில் ஒன்று, 2008 நவம்பரில் நிஷா, 2018 நவம்பரில் கஜா. நடுவில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது.

சுனாமி அன்று சொல்லாமல் வந்தது. ஆனால் புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. சொல்லிவிட்டு வரும் விருந்தாளிக்கு வீட்டைக் கூட்டி மெழுகி வைக்கிறோம். சொல்லிவிட்டு வரும் புயலுக்கு என்ன செய்து வைக்கிறோம்? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

கஜா வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. வேதாரண்யத்துக்கு வடக்கே எங்கள் ஊர். செங்கல் சுவர், சவுக்குக் கட்டை, மேலே தகர ஷீட். இரண்டு நாளாக டி.வி.யிலும் ஆட்டோ மைக்கிலும் "பாதுகாப்பான இடத்துக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முகாமும் திறந்திருந்தது. அப்பா அசையவில்லை. "எத்தன தடவ இப்படிச் சொல்லி அது ஆந்திராவுக்குப் போயிருக்கு! மாட்ட வுட்டுட்டு எங்க போறது?" என்றார்.

நள்ளிரவுக்குப் பிறகு வடக்கிலிருந்து காற்று அடித்தது. வடக்கு ஓரத்தில் இரண்டு ஷீட்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. "போயிடுச்சு" என்று சொல்லி, அப்பா ஏணியைச் சாத்தி டார்ச்சோடு மேலே ஏறிவிட்டார். அப்பாயிதான் வாசலில் நின்று கத்தினார்: "எறங்குடா கீழ! எழுவத்தேழுல இப்படித்தான் நின்னுச்சு. இன்னும் தெக்கத்திக் காத்து வரல!"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லோரும் பக்கத்து காங்கிரீட் வீட்டுக்கு ஓடினோம். அரை மணி ஆகவில்லை. தெற்கிலிருந்து வந்த காற்று மொத்தக் கூரையையும் தூக்கி வாய்க்காலில் போட்டது. அப்பா மேலே இருந்திருந்தால்... அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் முடிப்பதில்லை.

அப்பாயிக்கு எப்படித் தெரிந்தது?

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்னது விஞ்ஞானம். நம் பூமியின் வடபாதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலில், மையம் நம்மை நெருங்கும்வரை காற்று வடக்கிலிருந்து வீசும். மையம் நம் தலைக்கு மேல் வரும்போது காற்று நின்றுவிடும். அதைத்தான் புயலின் கண் என்கிறோம். கண் கடந்த பிறகு அதே வேகக் காற்று தெற்கிலிருந்து வரும். வடக்குக் காற்றில் தளர்ந்துபோன கூரையை எதிர்ப்பக்கக் காற்று சுலபமாகப் பிடுங்கிவிடும். ஆகவே நடு ராத்திரியில் காற்று சட்டென்று நின்றால் யாரும் வெளியே போகக்கூடாது. புயல் பாதிதான் முடிந்திருக்கிறது.

பறந்தது ஷீட், தோற்றது ஆணி

மறுநாள் வாய்க்காலில் கிடந்த ஷீட்டுகளைப் பார்த்தோம். பெரும்பாலும் முழுசாகவே இருந்தன. கட்டைகளும் முறியவில்லை. இரண்டையும் சேர்த்த ஆணிகள்தான் கட்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தன. அதற்கான காரணத்தை டிப்ளமோ படிக்க வந்த பிறகுதான் கணக்காகப் புரிந்துகொண்டேன்.

காற்றின் அழுத்தத்துக்கு நம் இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 20 மீட்டர். அழுத்தம் 240 நியூட்டன், அதாவது சுமார் 24 கிலோ எடை. மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் 960 நியூட்டன், சுமார் 98 கிலோ. வேகம் இரண்டு மடங்கு. அழுத்தமோ நாலு மடங்கு!

மூன்று சதுர மீட்டர் தகர ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை பத்துப் பதினைந்து கிலோ இருக்கலாம். அந்தக் காற்று அதை ஏறக்குறைய 290 கிலோ விசையோடு மேலே இழுக்கும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் அதிகம். வாசல் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். ஆக, கூரை நம் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான். மேலே போகாமல் பிடித்துக்கொள்வதே மீதி வேலை.

அதற்குச் செலவும் பெரிதல்ல. ஆணிக்குப் பதில் கட்டையைச் சுற்றிப் பிடிக்கும் ஜே போல்ட், வாஷரோடு. ஓரங்களில் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் விட்டுப் போடலாம். கட்டையைச் சுவரோடும் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் இணைக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் போச்சு. கீற்றுக் கூரை என்றால் மேலே கயிற்றை வலைபோல் போட்டு, தரையில் அடித்த முளைகளில் இழுத்துக் கட்டலாம். இது நம் பெரியவர்கள் செய்த வேலைதான்.

எப்போது, எதைச் செய்வது?

புரட்டாசியிலேயே: கூரை, போல்ட் பார்த்துவிட வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். முகாம் எந்தக் கட்டிடம், தாத்தா பாட்டியை யார் கூட்டிப் போவது, மாட்டை எந்த மேட்டில் விடுவது என்று அப்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். மாடு பற்றி முன்பே பேசியிருந்தால் எங்கள் அப்பா முகாமுக்கு வந்திருப்பார்.

மஞ்சள் எச்சரிக்கை: பாதிப்பு தொடங்க குறைந்தது 48 மணி நேரம் முன்பு வானிலைத் துறை இதைத் தருகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைத்துத் தண்ணீர் பிடியுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு ஐந்து நாளைக்கு 100 லிட்டர். அரிசி, அவல், பொட்டுக்கடலை, தீப்பெட்டி, டார்ச், பேட்டரி ரேடியோ, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். போன், பவர் பேங்க் இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை: இது 24 மணி நேரம் முன்பு. முற்றத்தில் கிடக்கும் தகரம், பலகை, வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அவைதான் எமன். சான்றிதழ்கள், பத்திரம் ஆகியவற்றை இரட்டைப் பாலிதீன் பையில் கட்டுங்கள். கஜாவில் அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் வீட்டுப் பத்திரமும் ஊறிக் கூழாகிவிட்டன. புதுக் கூரை ஒரு மாதத்தில் வந்தது. அந்தக் காகிதங்களுக்கு ஒரு வருஷம் அலைந்தோம். இன்று டிஜிலாக்கரிலும் போட்டு வைக்கலாம்.

சிவப்பு: 12 மணி நேரம் முன்பு. ஓலை, ஓடு, ஷீட் வீட்டுக்காரர்களும் கடலோரத் தாழ்வான இடத்தில் இருப்பவர்களும் இதற்குள் முகாமில் இருக்க வேண்டும். காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளிக்கொண்டு வரும். அதை எந்தக் கூரைப் போல்ட்டும் தடுக்காது. புறப்படும்போது மெயின் ஸ்விட்ச், கேஸ் சிலிண்டர் இரண்டையும் அணையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஒரு ராத்திரிப் புயல், பல நாள் பாடு

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவுக்கு கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. மோட்டார் ஓடாது; டேங்கில் தண்ணீர் இருக்காது. தெருக்கோடியில் இருந்த பழைய அடிபம்புதான் ஊரைக் காப்பாற்றியது. உங்கள் தெருவில் அடிபம்பு இருந்தால் இன்றே அடித்துப் பாருங்கள்! வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொட வேண்டாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்ட வேண்டாம்; அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

நண்பர்களே, புயலை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் கூரையை நிறுத்த முடியும். சிவில் நண்பர்கள் கட்டையையும் தூணையும் பார்க்கட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் போல்ட்டை முடுக்கட்டும். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் மெயின் போர்டையும் எர்த்தையும் பார்க்கட்டும். வருகிற புரட்டாசிக்குள் நாம் ஒவ்வொருவரும் நம் தெருவில் ஒரு ஷீட் வீட்டைச் சரி பார்த்துக் கொடுத்தால், அதைவிட நல்ல பிராஜெக்ட் வேறு இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஜே போல்ட் போட்டாயிற்று. அப்பாயி இன்று இல்லை. ஆனால் புரட்டாசி பிறந்ததும் அப்பா தானாகவே ஏணியை எடுக்கிறார், பகலில், வெயில் அடிக்கும்போது. கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது நான்.