பட்டதாரி விண்ணப்பமும் பெருந் தொழில் நிறுவனமும்: பிரித்தானியப் பொறியியல் துறையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பொறியியற் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் பெருந் தொழில் நிறுவனம் ஒன்றிற் பதவி பெறும் முறை, வெறும் வேலை தேடும் விவகாரமாகவே பெரும்பாலும் நோக்கப்பட்டு வந்துள்ளது. விண்ணப்பத்தை எவ்வாறு நிரப்புவது, நேர்முகப் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்பன போன்ற கைந்நூல் அறிவுரைகளுக்கு அப்பால் இது ஆராயத்தக்கதென எண்ணுவோர் சிலரே. ஆயினும் ஒரு சமுதாயம் தன் தொழில்நுட்ப அறிவாளரை எவ்வாறு இனங்கண்டு தெரிவு செய்கின்றது என்பது, அச்சமுதாயத்தின் வர்க்க அமைப்போடும் கல்வி முறையோடும் நெருங்கிய தொடர்புடைய வினாவாகும். இக்கட்டுரையிற் பிரித்தானியாவின் பெரும் பொறியியல் நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறோம். இன்று பல நாடுகளில் வழங்கும் தெரிவு முறையின் முக்கிய கூறுகள் சில அங்கு உருப்பெற்றவை. எமது பொறியியற் கல்வியும் அந்நாட்டு மரபை அடியொற்றி வளர்ந்தமையால், பேராதனையிலும் மொறட்டுவையிலும் பட்டம் பெற்றோர் அங்கு விண்ணப்பிப்பது நெடுநாள் வழக்கமாயுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் பொறியியலாளர் ஆவதற்குப் பணம் வேண்டும். வசதியுள்ள தந்தை தொழிற்சாலை உரிமையாளருக்கோ புகழ்பெற்ற பொறியியலாளருக்கோ ஒரு தொகையைச் செலுத்தி, மகனைப் பயிலுநராகச் சேர்ப்பார். வேலை செய்பவனே வேலை கொடுப்பவனுக்குக் காசு கொடுக்கும் இம்முறை இன்று எமக்கு விந்தையாகத் தோன்றலாம். அன்று அது இயல்பானதாகவே கருதப்பட்டது. 1878 இல் ஹென்றி றோய்ஸ் என்னும் ஏழைச் சிறுவன் பீற்றர்பரோவிலிருந்த பெரு வடக்குப் புகையிரதக் கம்பனியின் வேலைத்தலத்திற் பயிலுநனாகச் சேர்ந்தான். அவனுடைய மாமியார் ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண் செலுத்தினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவரிடமிருந்த பணம் தீர்ந்தது, பயிற்சியும் முடிந்தது. முறையான பள்ளிக் கல்வியென அவன் பெற்றது ஏறத்தாழ ஓராண்டே. மறுபுறத்தே சாள்ஸ் றோல்ஸ், பிரபு ஒருவரின் மகன். ஈற்றன் பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். இவ்விருவரும் 1904 இல் மஞ்செஸ்ரர் நகர விடுதி ஒன்றிற் சந்தித்ததன் விளைவாகவே பின்னர் உலகப் பெயர் பெற்ற றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் தோன்றியது. நிறுவனத்தின் இயந்திரங்களை ஆக்கியவர் பயிற்சியை முடிக்கப் பணமில்லாதவர் என்பதை, இன்று அத்தகைய நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்போர் பலர் அறியார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறலாயிற்று. மின்பொறித் தொழில் கணிதமும் பௌதிகமும் அறிந்தோரை வேண்டி நின்றது. மஞ்செஸ்ரரின் ட்ரபோர்ட் பார்க்கிலிருந்த மெற்றோபொலிற்றன் விக்கர்ஸ் நிறுவனம் பட்டதாரிகளுக்கெனவே 'கல்லூரிப் பயிலுநர்' திட்டமொன்றை நடத்திற்று. பட்டம் பெற்றவர் வேலைத்தலத்தின் பல்வேறு பகுதிகளிலும் சுற்றிப் பயின்று, அதன் பின்னரே நிரந்தரப் பதவிக்கு வருவார். வேறு நாடுகளின் பட்டதாரிகளும் அங்கு சென்று பயின்றனர். இன்றைய 'பட்டதாரித் திட்டம்' இந்த வழிவந்ததே. சில மாதங்களுக்கொருமுறை பிரிவு மாறுதல், மூத்த பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வை, ஈற்றிற் பட்டயப் பொறியியலாளர் தகுதியை நோக்கிய பயணம் என்பன யாவும் அக்காலத்து எலும்புக் கூட்டின் மேல் வளர்ந்தவையே.

ஆயினும் எவரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒருசிலரின் உரையாடலே. எந்தப் பாடசாலை, தந்தையின் தொழில் யாது, எந்த விளையாட்டில் ஈடுபாடு என்று கேட்டறிந்து, 'நம்மவர்' என்று தோன்றுபவரை ஏற்றுக்கொள்ளுதல் வழமை. இம்முறைக்குப் பெரும் அடி கொடுத்தது தொழில் உலகமன்று, யுத்தமே. இரண்டாம் உலக யுத்தத்திற் பிரித்தானிய இராணுவம் தன் அதிகாரிகளை இத்தகைய குறுகிய நேர்முகங்கள் மூலமே தெரிவு செய்து வந்தது. தெரிவானோரிற் பலர் பயிற்சியிலேயே தோல்வியுற்றனர். வசதியான பாடசாலைகளின் பிள்ளைகள் மட்டும் அதிகாரிகளாகப் போதவுமில்லை. 1942 இல் சேர் றொனால்ட் அடமின் முயற்சியால் யுத்த அலுவலகத் தெரிவுச் சபைகள் அமைக்கப்பட்டன. உளவியலாளரும் உளமருத்துவரும் அவற்றிற் பங்கு கொண்டனர். விண்ணப்பதாரிகள் சில நாட்கள் ஒரே இடத்திலே தங்கவைக்கப்பட்டு, எழுத்துச் சோதனைகளுக்கும் குழுப் பணிகளுக்கும் உட்படுத்தப்பட்டனர். தலைவர் நியமிக்கப்படாத குழுவிடம் ஒரு பணியைக் கொடுத்து, யார் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்று ஒதுங்கி நின்று அவதானிக்கும் முறையை வகுத்தவர் உளமருத்துவரான வில்பிரட் பியன். 1945 இல் பிரித்தானிய நிர்வாக சேவையும், 1956 இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி.யும் இதனையொத்த முறைகளைக் கைக்கொண்டன. இன்று ஒரு பொறியியற் கம்பனி 'மதிப்பீட்டு நாள்' என்று அழைத்து, ஆறு பட்டதாரிகளை ஒரு மேசையைச் சுற்றி இருத்திப் பாலமொன்றின் செலவு பற்றி விவாதிக்கச் செய்யும்போது, அது ஒரு யுத்தகால இராணுவச் சோதனையின் பேரப்பிள்ளையாகவே உள்ளது.

இவ்வரலாற்றை நாம் சற்று விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. எமது மாணவரிடையே இந்தச் சோதனைகள் அந்நியரை விலக்குவதற்கெனப் புகுத்தப்பட்ட தடைகள் என்ற எண்ணம் பரவலாயுள்ளது. தோற்றத்தில் அவை அதற்கு நேர்மாறான நோக்கமுடையவை. குடும்பப் பெயரையும் பாடசாலைக் கழுத்துப்பட்டியையும் பார்த்துத் தெரிவு செய்யும் வழக்கத்தை உடைக்க எழுந்தவை. எழுந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது வேறு வினா.

விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும் நிறுவனங்கள் பொதுவாக இலையுதிர் காலத் தொடக்கத்தில், மாணவர் இறுதியாண்டுக்குள் காலடி வைக்கும்போதே, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களைக் கோருகின்றன. இறுதிப் பரீட்சை முடிந்த பின் வேலை தேடலாம் என்றிருக்கும் எமது மாணவருக்கு முதலாவது இழப்பு இங்கேயே நேர்கின்றது. இடங்கள் நிரம்பியதும் குறித்த திகதிக்கு முன்னரே விண்ணப்பம் மூடப்படுவதும் உண்டு. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தி பல காலமாகக் குறைந்தபட்ச நிபந்தனையாக இருந்து வந்தது. அண்மையிற் சில நிறுவனங்கள் அதனைத் தளர்த்தியுள்ளன. அடுத்து வருபவை எண்ணியல், தருக்கச் சோதனைகள். இவற்றில் உயர் கணிதம் எதுவும் இல்லை. அட்டவணையைப் பார்த்து வீதங் கணிக்கும் அளவே. பகுப்புச் சமன்பாடுகளைத் தீர்க்க வல்ல மாணவர் இங்கே தவறுவது அறிவின்மையால் அன்று. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற வேகம் பழகாமையால். இரு வாரப் பயிற்சி போதுமானது. ஆனால் அப்பயிற்சி தேவை என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருத்தல் வேண்டும்.

படிவத்தின் மையப் பகுதி வேறொன்று. "ஒரு குழுவிற் பணியாற்றி ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பத்தை விவரிக்க" என்பது போன்ற வினாக்கள் அவை. இவற்றின் பின்னால் ஆய்வு மரபொன்று உண்டு. 1954 இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளனகன், ஒருவரின் பொதுக் குணங்களைக் கேட்பதிலும் குறிப்பிட்ட ஒரு நிகழ்வில் அவர் செய்ததைக் கேட்டறிவதே பயனுடையதென எடுத்துக்காட்டினார். 1973 இல் டேவிட் மக்கிளெலண்ட், நுண்ணறிவுச் சோதனைக்குப் பதிலாகச் செயல்திறனை அளக்க வேண்டுமென வாதிட்டார். அம்மரபின் வழியே, சூழ்நிலை, பணி, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் விடையை அமைக்கும் வழக்கம் வேரூன்றிற்று. விடையைப் படிப்பவர் கையில் ஒரு புள்ளித் திட்டம் இருக்கும். விண்ணப்பதாரி தாமே செய்தது யாது என்பதற்கே அதிற் பெரும்பாலான புள்ளிகள்.

எமது பட்டதாரிகள் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேயே என்பது எமது கணிப்பு. உதாரணத்துக்கு ஒரு மாணவரைக் கற்பனை செய்வோம். இறுதியாண்டிலே நீர்ப்பாசன வாய்க்காலொன்றின் ஓட்டத்தை நால்வர் சேர்ந்து அளந்தனர். அவர் எழுதுவது: "எமது குழுவினாற் பல இடர்களுக்கு மத்தியிலும் அளவீடுகள் வெற்றிகரமாக மேற்கொள்ளப்பட்டு அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது." இலக்கணப் பிழையில்லை, பொய்யுமில்லை. ஆனால் புள்ளியிடுபவருக்கு இதிற் பற்றிப் பிடிக்க எதுவுமில்லை. நடந்தது என்னவென்று அவரிடமே துருவிக் கேட்டால் வேறு கதை வெளிவரும். "முதல் நாள் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மற்றையோர் சராசரி எடுத்து முடித்துவிடலாம் என்றனர். நான் ஓட்டமானியைக் கழற்றிப் பார்த்தேன். சுழலியிற் பாசி சிக்கியிருந்தது. துப்புரவாக்கி மீண்டும் அளக்க வேண்டுமென வற்புறுத்தினேன். அறிக்கை இரு நாள் பிந்தியது. ஆயினும் எண்கள் சரியாயின." இந்த விடை அவரிடம் முதலிலிருந்தே இருந்தது. அதை எழுதத் தடுத்தது எது?

தன்னைப் பற்றித் தான் பேசுவது தற்புகழ்ச்சி என்ற வளர்ப்பு ஒன்று. 'செய்யப்பட்டது', 'அவதானிக்கப்பட்டது' என்று செய்தவனை மறைத்து எழுதும் ஆய்வுகூட அறிக்கை நடை மற்றொன்று. ஆசிரியர் முன்னிலையில் 'நான்' என்று தொடங்குவதையே நாகரிகக் குறைவாகக் கருதும் வகுப்பறை இன்னொன்று. (இக்கட்டுரையைக் கூட 'நாம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை வாசகர் கவனித்திருப்பர்.) கூட்டு உழைப்பைத் தனியொருவரின் சாதனையாகக் காட்டும்படி கேட்பது முதலாளித்துவத் தனிமனிதவாதத்தின் வெளிப்பாடு என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பழுதான கருவியைக் கண்டவர் யார், சராசரி எடுத்து மறைக்க முனைந்தவர் யார் என்று கேட்பது பொறியியலில் வெறும் தற்பெருமை விவகாரமன்று. மனித உயிர்களோடு தொடர்புடையது.

இனி, படிவத்தின் முதல் வரியான பெயருக்கு வருவோம். குடும்பப் பெயர் என்ற ஒன்றில்லாத தமிழர் தந்தை பெயரை ஒரு கட்டத்திலும் தம் பெயரை மற்றொன்றிலும் நிரப்பி, சான்றிதழிலுள்ளதற்கு மாறாக அமைந்துவிட்டதெனத் தவிப்பது சிறு சிக்கல். பெரிய சிக்கல் வேறு. 1965 ஆம் ஆண்டுப் பிரித்தானிய இன உறவுச் சட்டம் வேலைவாய்ப்பைத் தீண்டவேயில்லை. ஒரே தகுதியுடைய வெள்ளையரையும் கறுப்பரையும் நேரில் அனுப்பி நடத்தப்பட்ட சோதனைகள் பாரபட்சத்தை அம்பலப்படுத்திய பின்னரே, 1968 ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பையும் உள்ளடக்கிற்று. மறைமுகப் பாரபட்சத்தை 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சட்டம் வந்தபின் நிலை மாறிற்றா? 2009 இல் வெளியான, அரசாங்கத்தின் பொருட்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றிலே, தகுதி ஒத்த ஏறத்தாழ மூவாயிரம் விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயருக்குச் சாதகமான ஒரு பதில் கிடைக்க 9 விண்ணப்பங்கள் வேண்டியிருந்தன. ஆசிய, ஆபிரிக்கப் பெயர்களுக்கு 16. இவ்வாய்வு பொறியியல் நிறுவனங்களை மட்டும் நோக்கியதன்று. ஆயினும் அதன் உபமுடிவு ஒன்று எமக்கு மிக முக்கியமானது. விண்ணப்பதாரி தாமே அமைத்த சுயவிபரக் கோவையைப் பெற்றுக்கொண்ட இடங்களிலேயே பாரபட்சம் ஓங்கியிருந்தது. நிறுவனம் தன் சொந்தப் படிவத்தை நிரப்பக் கேட்ட இடங்களில் அது ஏறக்குறைய மறைந்திருந்தது. எல்லோரும் சலித்துக்கொள்ளும் நீண்ட படிவமே அந்நியப் பெயருடையவருக்குச் சிறிதளவு காப்பாக அமைந்துள்ளது. நேர்முகத்துக்கும் இது பொருந்தும். எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகமே பிற்காலப் பணித்திறனை முன்கூட்டி உணர்த்துவதில் முன்னிற்கின்றது என்பது, 2022 இல் போல் சக்கெற்றும் அவருடன் சேர்ந்தோரும் வெளியிட்ட மறுஆய்வின் முடிபு.

அண்மை ஆண்டுகளில், கணினியே சில நொடிகளில் விடை எழுதித் தரும் நிலை வந்துள்ளது. அவ்விடைகள் யாவும் ஒரே முகமுடையவை. பாசி சிக்கிய ஓட்டமானி அவற்றில் இருக்காது.

திறமையோடு தொடர்பற்ற வாயிற்கதவுகளும் உண்டு. பாதுகாப்புத் துறை சார்ந்த பணிகளிற் குடியுரிமை, வதிவுக் காலம் பற்றிய நிபந்தனைகள் உள்ளன. இவற்றை முதலிலேயே படித்துக்கொண்டால் வீண் உழைப்பு மிஞ்சும். 2021 ஜூலையில், அங்கு பட்டம் பெற்ற வெளிநாட்டவர் இரண்டாண்டு தங்கி வேலை செய்ய வழி திறக்கப்பட்டது. ஆனால் 2024 ஏப்ரிலில், திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணுக்கு ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. புதிதாகத் தொழிலில் நுழைவோருக்குக் குறைந்த எல்லை உண்டெனினும், பல கம்பனிகள் இவ்வகை விண்ணப்பங்களை ஏற்கத் தயங்கலாயின. "உமக்கு விசா அனுசரணை தேவையா?" என்ற வினாவுக்கு 'ஆம்' என விடையளித்ததும், ஏனைய பக்கங்கள் படிக்கப்படாமலே போகக்கூடும். இதற்கு எந்தப் பயிற்சியும் பரிகாரமாகாது, அது அரசியல்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிய ஐயம் ஓரளவு நீங்கியுள்ளது. 1989 இல் ஆறு நாடுகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்புரிமை பெற்றது. அதன்படி அங்கீகாரம் பெற்ற எமது பட்டநெறிகள், பிரித்தானியப் பட்டங்களுக்குக் கல்வித் தகைமையில் ஒப்பானவையாக ஏற்கப்படும். விண்ணப்பத்தில் இதனை ஒரே வரியிற் குறிப்பிடலாம். தம் பட்டநெறி எந்த ஆண்டு முதல் அங்கீகாரம் பெற்றது என்பதை மாணவர் தம் பீடத்திற் கேட்டறிதல் வேண்டும்.

இத்தனை விபரமும் இரகசியமன்று. எனினும் இவை பெரும்பாலும் மூத்த மாணவர், வெளிநாட்டிலுள்ள உறவினர் வாயிலாகச் சிலருக்கு மட்டும் எட்டுகின்றன. அண்ணனோ மச்சானோ அத்துறையில் உள்ள மாணவர் புரட்டாதியிலேயே விண்ணப்பித்துவிடுகிறார். தோட்டப் புறத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ முதற் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்தவர் அடுத்த சித்திரையில் விசாரிக்கத் தொடங்குகிறார். றோய்ஸின் மாமியாரிடம் தீர்ந்துபோனது பணம். இவரிடம் இல்லாதது தகவல். பீடங்கள் மூன்றாம் ஆண்டிலேயே சில மணி நேரத்தை ஒதுக்கி, ஆய்வுகூட அறிக்கையைத் தன்னிலையில் மீள எழுதும் பயிற்சியையும், நேரக் கட்டுப்பாட்டுச் சோதனையையும், ஒரு மாதிரிக் குழு விவாதத்தையும் நடத்துவதற்குப் பெருஞ் செலவு ஆகாது. அதனைத் தமிழ்ச் சங்கங்களும் செய்யலாம். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய விடையை முதலில் தமிழிற் சொல்லிப் பார்க்கும்போது நிகழ்வு தெளிவாக வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம்.

நேர்முகத்தின் முடிவில், "எம்மிடம் கேட்பதற்கு ஏதுமுண்டா?" என்று வினவுவர். எம்மவரிற் பலர் மரியாதை கருதி "இல்லை" என்று எழுந்துவிடுகின்றனர். கேட்கவேண்டியது ஒன்றுண்டு: பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கென அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் நிறுவனத்தில் உள்ளதா, கடந்த ஐந்தாண்டிற் சேர்ந்த பட்டதாரிகளில் எத்தனை பேர் அதனை முடித்தனர் என்பது.