வெள்ளிமலையில் ஒரு விண்கயிறு

மலை இருந்தால் சித்தர் கதையும் இருக்கும். கல்வராயன் மலையும் அதற்கு விலக்கல்ல. வாயில் பாதரசக் குளிகையை அடக்கிக்கொண்டு ஆகாயவழி போகும் சித்தரைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. அந்தக் கதை மிகுபுனைவா, அறிவியல் புனைகதையா?

பறப்பது நடக்காத காரியம், எனவே மிகுபுனைவு என்று முடித்துவிடலாம். அப்படிப் பார்த்தால் காலப் பயணமும் ஒளியை முந்தும் விண்கலமும் அறிவியல் புனைகதையிலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். நான் எல்லைக் கோட்டை வேறு இடத்தில் போடுவேன். ‘எப்படி?’ என்று வாசகர் கேட்டால் கதை பதில் சொல்ல வேண்டும். சொன்ன பதிலுக்குக் கதையும் கட்டுப்பட வேண்டும்.

இதற்கு நம் காப்பியங்களே நல்ல சான்று. மணிமேகலையில், தூங்கும் பெண்ணைத் தெய்வம் புகாரிலிருந்து தூக்கி, முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் விடுகிறது. பிறகு வானில் செல்லும் மந்திரத்தையும் அவளுக்குச் சொல்லித் தருகிறது. மந்திரம் ஏன் வேலை செய்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம்.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வேறு சாதி. அரசி விசயை கண்ட தீக்கனவால் கலங்கிய அரசன் சச்சந்தன், கைவினைஞனை அழைத்து அதைச் செய்விக்கிறான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று பொருள்களின் பட்டியலே தருகிறார் திருத்தக்கதேவர். ஏழு நாளில் மயில் தயார். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலெழும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். அரசன் விசயைக்கு அதை ஓட்டப் பயிற்சியும் கொடுக்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் அரசைப் பிடித்தபோது, கருவுற்றிருந்த அரசி அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, அவள் மயங்குகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். ஓட்டுபவர் மயங்கினால் ஊர்தி இறங்கிவிடும் என்ற விதிதான் காப்பியத் தலைவனின் பிறப்பிடத்தையே தீர்மானிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழில் இதைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதை வைத்துத் தமிழர் அன்றே விமானம் ஓட்டினார்கள் என்று சொல்வது கவிஞருக்குச் செய்யும் அநீதி. மயிலைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காப்பியத்தில் விடை இல்லை. ஆனால் எடை குறைந்த பொருள்களைத் தேர்ந்தெடுத்ததில் சரியான உள்ளுணர்வு இருக்கிறது. 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் வெறும் காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த ‘காசமர் அல்பட்ராஸ்’ ஊர்தியின் எடை சுமார் 32 கிலோதான். கார்பன் இழை, நுரை, மெல்லிய பிளாஸ்டிக் தாள் கொண்டு அதைக் கட்டியிருந்தார்கள்.

அதே 1979-இல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலை வெளியிட்டார். தரையிலிருந்து விண்வெளிக்குக் கயிறு கட்டி, அதில் ஏறிப் போகும் கதை. இலங்கையின் சிவனொளிபாத மலையை மனத்தில் வைத்து எழுதினார். ஆனால் இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லையே! கயிற்றைத் தாங்க ஒரே இடத்தின் மேல் அசையாமல் நிற்கும் செயற்கைக்கோள் வேண்டும்; அது நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்க முடியும். அதனால் கிளார்க் தன் கதைத் தீவை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். மிகுபுனைவு எழுதுபவருக்கு இந்தச் சிரமம் ஏது?

குளிகைக் கதை வரப்பின் மேல் நிற்கிறது. பாதரசத்தைச் சுத்தி செய்து கட்டும் முறை அதில் உண்டு. மந்திரத்தை மட்டும் நம்பியதல்ல. ஆனால் தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமான உலோகம் மனித உடலை ஏன் தூக்க வேண்டும் என்று கேட்டால், கதை அங்கே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேலே எழுத ஓர் இளம் எழுத்தாளர் வர வேண்டும் என்பது என் ஆசை.

கிளார்க்கின் கயிற்றையே கல்வராயன் மலைக்குக் கொண்டுவந்தும் எழுதலாம். அங்குள்ள வெள்ளிமலை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அங்கே கட்டிய கயிறு செங்குத்தாக எழாது. நிலநடுக்கோட்டை நோக்கித் தெற்கே சாய்ந்துதான் ஏறும். சின்னசேலம் பக்கத்து வயல்களுக்கு மேலே அது போகும். அதற்கு அங்கே யாரிடம் அனுமதி கேட்பது, வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடியை அது எப்படித் தாங்கும், அடிவாரத்துக்காகக் காட்டை இழக்கும் மலைவாழ் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் எழுதுபவர் முதல் அத்தியாயத்திலேயே யோசித்தாக வேண்டும்.